சின்ன வண்டிகளின் வயது

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்தில் கேன்லி என்று ஒரு பகுதி. அங்கே ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர். அலுவலகக் கட்டடங்கள், கார் நிறுத்தும் இடங்கள், ஒழுங்காக வெட்டிய புல். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் முதல் தடவை அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபோது வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். ட்ரையம்ஃப் கார்த் தொழிற்சாலை இருந்த இடம் அது. வண்டலூர்த் தொழிற்சாலையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தாய்வீடு.

எங்கள் அப்பா ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். தாம்பரத்தில் வாடகை வீடு, வாசலில் வேப்பமரம், அதன் நிழலில் மூன்றாம் கையாக வாங்கிய ஹெரால்டு. அந்தக் காரின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். திறந்துவிட்டால் என்ஜின், முன்சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் கண்ணுக்கு முன்னால். அப்பா டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரங்களுக்குள் கியர் ஆயில் விடுவது ஒரு சடங்கு. சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் அடியில் வெண்கலத்தில் ஒரு உருப்படி இருக்கும், ட்ரன்னியன் என்பார்கள். அதற்குள் எண்ணெய் போகாவிட்டால் தண்டு துருப்பிடித்து, என்றைக்காவது முறிந்து, சக்கரம் மடங்கிக்கொள்ளும். "கிரீஸ் அடிக்காதே, ஆயில்தான் விடணும், புத்தகத்துல போட்டிருக்கான்" என்று பக்கத்துத் தெரு மெக்கானிக்கோடு அப்பா சண்டை போட்டது நினைவிருக்கிறது. அந்தச் சண்டை இன்றும் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பிரியர்களுக்கு இடையே ஓய்ந்தபாடில்லை என்பது பின்னால் தெரிந்தது.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. போன பிப்ரவரியில் என் கார் வருடாந்தரச் சோதனையில் தோற்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரும், துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிடக்கூடிய, இருபது வயதைத் தாண்டிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நடந்தது என் தவறு, கம்பெனியின் தவறல்ல. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகடு பின்சக்கரத்துக்கு முன்னால் அரித்துப்போயிருந்தது. சோதனை செய்தவர் விரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே போயிற்று. என்ஜினைப் பற்றிக் கேட்டேன். அது இன்னும் பத்து வருடம் ஓடும் என்றார்.

என்ஜின் நன்றாக இருந்து கார் செத்துப்போவது எப்படி? இந்தக் கேள்விதான் என்னைச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றுக்குள் தள்ளியது.

எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் அழகான சின்னக் கார்கள் செய்தார்கள், அவை ஓயாமல் நின்றுபோயின. பிறகு 1989இல் ஜப்பானிலிருந்து மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தது, அது நிற்கவே இல்லை. கதை முடிந்தது. இதில் பொய் இல்லை. ஆனால் பாதிக் கதைதான்.

இந்தச் சின்னக் கார்களின் ரகசியம், அவை தனிப்பிறவிகள் அல்ல என்பது. விலை குறைவாக இருக்க வேண்டுமென்றால் குடும்பக் காரின் உறுப்புகளைத்தான் எடுத்துப் போட்டாக வேண்டும். 1962இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன் மேல் இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடம்பைப் போட்டது. என்ஜினும் அந்தக் குடும்பம்தான். அப்பாவின் சண்டைக்குக் காரணமான ட்ரன்னியன் உட்பட எல்லாம் அதிலும் உண்டு. அதாவது லண்டனில் கழுத்துத்துணி பறக்கக் கூரை திறந்து போனவனும், தாம்பரத்தில் எங்களை அடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போன அப்பாவும் அடியில் ஏறக்குறைய ஒரே வண்டியைத்தான் ஓட்டினார்கள்.

எம்ஜி கார்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1955இல் வந்த எம்ஜிஏ என்ற அழகியின் உள்ளே இருந்தது பிஎம்சி கம்பெனியின் பி-சீரிஸ் என்ஜின், 1489 சிசி. அதே 1489 சிசி என்ஜினைத்தான் 1959 வாக்கில் அம்பாசிடரில் போட்டார்கள். எம்ஜிஏவுக்கு அடுத்து 1962இல் வந்த எம்ஜிபியில் அதே என்ஜின் 1798 சிசியாகப் பருத்தது. எம்ஜிபி 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. கார்புரேட்டரும் பதமும் வேறு என்பது சரிதான். ஆனாலும் அம்பாசிடர் என்றால் நமக்கு என்ன நினைவு? "கல்லு மாதிரி வண்டி சார். எங்க நின்னாலும் அங்கயே பாத்துக்கலாம்." எம்ஜிபி என்றால் இங்கிலாந்தில் என்ன நினைவு? மழை, இருட்டு, சாலை ஓரத்தில் நிற்கும் கார், அதன் உரிமையாளரின் அசட்டுச் சிரிப்பு.

ஒரே என்ஜின் குடும்பம் ஒரு நாட்டில் சாகாவரம் பெற்றதாகவும் இன்னொரு நாட்டில் நம்பவே முடியாததாகவும் பெயர் வாங்கியது எப்படி?

அந்த உருட்டிக்கொண்டே வந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "எங்க நின்னாலும்." அம்பாசிடர் நிற்கும் என்பதை நாம் மறுக்கவே இல்லை. நின்றால் எழுப்பிவிடலாம் என்பதுதான் நம் பெருமை. மரத்தடியில் ஒரு மெக்கானிக், அவர் பக்கத்தில் ஒரு பையன், ஒரு ஸ்பேனர் செட், கொஞ்சம் சணல். எம்ஜிபியையும் அப்படி எழுப்பலாம். அதன் எஸ்யூ மின்சாரப் பெட்ரோல் பம்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் கார் நின்றுவிடும். இறங்கிப் போய் பம்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் டிக் டிக் என்று உயிர் வந்துவிடும். தெரிந்தவனுக்கு இது பழுதே இல்லை. தெரியாதவனுக்கு அன்றைய நாள் போச்சு.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. பர்மிங்ஹாமின் ஜோசப் லூகாஸ் கம்பெனிதான் அநேகமாக எல்லா பிரிட்டிஷ் கார்களுக்கும் விளக்கும் வயரும் டைனமோவும் கொடுத்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய கார்க்காரர்கள் லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்பார்கள். சென்னைக்காரனுக்கு இந்த நகைச்சுவை புரிய நேரம் எடுக்கும். பாடிப் பக்கம் லூகாஸ் என்றால் பஸ் நிறுத்தம். லூகாஸ்-டிவிஎஸ்ஸில் வேலை என்றால் பெண் கொடுப்பார்கள். நான் இங்கே வந்த புதிதில் ஒருவர் இந்த ஜோக்கைச் சொன்னபோது, எதற்குச் சிரிக்கிறார் என்றே தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன். உண்மையில் லூகாஸ் மேல் போட்ட பழியில் ஒரு பங்கு மழைக்குச் சேர வேண்டும். மின்சாரம் திரும்பிப் போக வண்டியின் இரும்பு உடம்பே வழி. போல்ட் போட்டு முடுக்கிய அந்த இணைப்பில் துரு ஏறினால் விளக்கு மங்கும், அணையும். வயரை மாற்ற வேண்டியதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது தேய்க்க வேண்டும். கூரை ஒழுகும் காரில், சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை வைத்தது எம்ஜிபி. 1974 வரை அப்படித்தான். யார் கண்ணிலும் படாத இடம். அங்கே என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்பார்கள்?

இந்த வரிசையில் தனியாக நிற்பது லோட்டஸ் எலான். இதுவும் 1962. கோலின் சாப்மன் எடையைக் குறைப்பதில் பித்துப் பிடித்தவர். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு இரும்புச் சட்டம், மேலே ஃபைபர்கிளாஸ் உடம்பு, மொத்தம் 700 கிலோவுக்கும் குறைவு. ஓட்டியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது. ஆனால் சாப்மன் எதைச் சாதாரணமாக விட்டிருக்க வேண்டுமோ அதையெல்லாம் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார். ஃபோர்டின் எளிய என்ஜினின் மேல் இரட்டை கேம்ஷாஃப்ட் தலையைப் போட்டார்கள், நல்ல விஷயம். ஆனால் தண்ணீர்ப் பம்பை முன்மூடிக்குள் சேர்த்துக் கட்டியதால், ஒரு சின்ன பேரிங் போனால் என்ஜினின் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுகளில் ரப்பர் வளையங்கள். ரப்பருக்கு ஆயுள் எவ்வளவு? ஹெட்லைட்கள் வெற்றிடக் காற்றால் தூக்கி நிறுத்தப்படும். எங்காவது கசிந்தால் தூக்கம் வந்த குழந்தை மாதிரி மெல்ல இமை சாயும். லோட்டஸின் ஆங்கில எழுத்துகளைப் பிரித்து 'நிறையத் தொல்லை, பெரும்பாலும் பெரிய தொல்லை' என்று பொருள் சொல்லுவார்கள்.

ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது அல்லவா, அதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. உடம்பு பளபளப்பாக இருக்கும். அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் அரித்துக்கொண்டிருக்கும். முக்கியமாக முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் கோபுரங்களில். அங்கே தண்ணீர் வடிய ஓட்டை வைத்திருந்தார்கள். சேறும் இலையும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். இந்த ஓட்டையை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

1980இல் எல்லாம் முடிந்தது. ஆகஸ்டில் கேன்லியில் கடைசி ஸ்பிட்ஃபயர், அக்டோபரில் அபிங்டனில் கடைசி எம்ஜிபி. இரண்டு மாத இடைவெளிதான். வேலைநிறுத்தம், நஷ்டம், அமெரிக்காவின் புகை விதிகள் என்று காரணங்கள் பல. அவை வேறு கட்டுரை.

அதற்கு முந்தின ஆண்டு, 1979இல், பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் ஆராய்ச்சித் தலைவர் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தார். அடுத்து மாஸ்டா என்ன செய்ய வேண்டும் என்று யமமோட்டோ கேட்க, விலை குறைந்த, கூரை திறக்கும், எளிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்று ஹால் சொன்னார். யமமோட்டோ ரோட்டரி என்ஜினை ஓடவைத்தவர். சிக்கலான பொறியியலின் ஆள். அவருக்கு இந்த எளிமை புரிய வேண்டும் என்று 80களின் தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தார்கள். ஹகோனே மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க அவருக்கு ஒரு பழைய காரைக் கொடுத்தார்கள். என்ன கார்? ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். எங்கள் ஹெரால்டின் தம்பி. ஓட்டிவிட்டு வந்தவர் அந்த யோசனையின் பக்கம் சாய்ந்தார். 1984இல் கம்பெனித் தலைவரும் ஆனார்.

பின்பு நடந்தது ஓரளவு தெரிந்த கதை. டோக்கியோ அணியும் கலிஃபோர்னியா அணியும் போட்டி போட்டு, என்ஜின் முன்னால், இயக்கம் பின்சக்கரத்துக்கு என்ற பழைய பிரிட்டிஷ் ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்ட கலிஃபோர்னியா அணி வென்றது. முதல் ஓடும் மாதிரியைச் செய்துகொடுத்தது இங்கிலாந்தின் வொர்திங்கில் இருந்த ஐஏடி என்ற நிறுவனம். 1985இல் அதை சாண்டா பார்பராத் தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். திட்டத் தலைவர் தொஷிஹிகோ ஹிராய். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வெளியே வந்தது. எலானை ஆராதித்தவர்கள் என்பது பார்த்தாலே தெரியும். முகம், கதவுக் கைப்பிடி, என்ஜின் மூடியின் வடிவம்கூட.

ஆனால் சாப்மன் கெட்டிக்காரத்தனம் காட்டிய இடங்களில் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். என்ஜின் 323 என்ற குடும்பக் காரின் 1.6 லிட்டர் இரும்பு பிளாக். டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. இழுத்துக்கொண்டு போய்ப் புதுப் பெல்ட் போட்டால் ஓடும். ஹெட்லைட் எழுந்து தாழ ஆளுக்கொரு மோட்டார். மோட்டார் செத்தால் கையால் திருகித் தூக்க ஒரு குமிழ். துணிக்கூரையை ஒரு கையால் மூடலாம். ஸ்பிட்ஃபயர் ஹெரால்டிலிருந்து எடுத்தது போல இவர்களும் வீட்டுக் காரிலிருந்துதான் எடுத்தார்கள். எடுத்த வீடு வேறு. 80களின் 323, மாதம் ஒரு முறை டயர் மேல் உட்கார்ந்து எண்ணெய் விடும் உரிமையாளரை எதிர்பார்க்கவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வருட என்ஜின்கள் சிலவற்றில் கிராங்க் தண்டின் முனை குட்டை. அங்கே போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால் சாவித்துளை தேய்ந்து என்ஜினே போய்விடும். கிளட்சின் சின்ன சிலிண்டர் சில வருடத்துக்கு ஒரு முறை ஒழுகும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி வயதானால் பழுப்பேறி விரிசல் விடும். பின் ஜன்னல் பிளாஸ்டிக் மங்கும். ஆனால் இவையெல்லாம் கேட்லாகில் நம்பர் போட்டு வாங்கக்கூடிய பழுதுகள். 2000இல் 5,31,890 கார்களோடு, உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறியது. 2016 ஏப்ரலில் 10 லட்சத்தைத் தொட்டது.

பிறகு ஏன் அவையும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன? இந்த ஊர்ச் சோதனை ஏடுகளைப் பார்த்தால் தெரியும். மூன்று வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் எம்ஓடி சோதனை. நம்பரைத் தட்டினால் யார் காராக இருந்தாலும் அதன் ஜாதகம் இணையத்தில் வந்துவிடும், எத்தனை மைல், எதில் தோற்றது என்று. நான் சில இரவுகள் தூங்காமல், விற்பனைக்கு வந்த பழைய எம்எக்ஸ்-5களின் ஜாதகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி "இதுக்கு ரிஷப ராசி, அஷ்டமத்துல சனின்னு ஏதாவது போட்டிருக்கா?" என்று கேட்டாள். திரும்பத் திரும்ப வந்தது ஒரே சொல்: துரு. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே. என் காரில் விரல் போன அதே இடம்.

காரணம் அந்த ஓட்டைதான். துணிக்கூரையின் மேல் விழும் மழை பின்பக்கம் ஒரு சின்னக் குழாய் வழியாக இறங்கிக் கார் அடியில் வெளியேற வேண்டும். இலை, மண், கூரையிலிருந்து உதிரும் நூல் எல்லாம் சேர்ந்து குழாயை அடைக்கும். தண்ணீர் வழி தவறித் தகட்டுப் பெட்டிக்குள் தேங்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து வேலை செய்யும், தேங்கிய தண்ணீர் உள்ளிருந்து. ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு கம்பியை விட்டுக் குடைந்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தை ஏன் யாரும் செலவழிக்கவில்லை? என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் கார் நிற்கவில்லை. எம்ஜிபிக்காரன் பம்பைத் தட்ட இறங்கினான், பேட்டரியைப் பார்க்கத் தரையைத் திறந்தான், கிரீஸ் அடிக்க ஞாயிறுதோறும் அடியில் படுத்தான். படுத்தவன் கண்ணில் துருவும் பட்டது. அவனுடைய கார்களும் அரித்துத்தான் போயின, இன்னும் மோசமாகவே. ஆனால் அரிப்பது அவனுக்குத் தெரியும். 1988இல் எம்ஜிபிக்குப் புத்தம்புது உடம்பையே பழைய அச்சுகளை வைத்து அடித்து விற்கத் தொடங்கினார்கள் என்றால், அதை வாங்கத் தயாராக அடியில் படுத்துக் கிடந்த ஒரு கூட்டம் இருந்தது என்றுதான் பொருள். எம்எக்ஸ்-5 மாதிரிக் கார்கள் உரிமையாளரை எதற்கும் கூப்பிடவில்லை. பதினெட்டு வருடம் சாவியைப் போட்டேன், ஓடியது. அதன் அடியை நான் பார்த்ததே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நாற்பது வயது தாண்டிய கார்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால் 2018இலிருந்து இங்கே சோதனை கட்டாயமில்லை. ஸ்பிட்ஃபயர்களும் எம்ஜிபிகளும் இன்று யார் விரலும் படாமல் சுதந்திரமாக ஓடுகின்றன.

வெல்டிங் செய்ய ஒருவர் விலை சொன்னார். காரை விற்றால் கிடைக்கும் தொகையை விடக் கொஞ்சம்தான் குறைவு. அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். எண்பத்தைந்து வயது. தாம்பரத்தில்தான் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம்.

"ஏம்ப்பா, தண்ணி போக வழி விட்டிருக்கானா இல்லையா?"

"விட்டிருக்கான்ப்பா. நான்தான் பாக்கல."

"இன்ஜின்?"

"நல்லா இருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஹெரால்டின் பின் ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். குறுக்கே போட்ட ஒரே பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு சக்கரமும் ஆடும் அந்த ஏற்பாடு நம் சாலைக்குத் தாங்கவில்லை என்று, 70களில் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸலில் அதைத் தூக்கிவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்சிலாக மாற்றினார்கள் வண்டலூரில். "அப்பவே மாத்திருக்கணும்" என்றார். பிறகு, "நீ அதை வித்துடாதே. எனக்கு வித்தப்புறம்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

வெல்டிங் முடிந்து மார்ச் கடைசியில் கார் வீட்டுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு, புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு, கூரையைப் பாதி மடக்கி, சீட்டுக்குப் பின்னால் தலைகீழாகக் குனிந்து துளையைத் தேடினேன். கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நரம்பு முதலில் போகவில்லை. திருகித் திருகி விட்டதும் சட்டென்று இறங்கியது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிப்போய்க் கார் அடியில் படுத்துப் பார்த்தேன். முதலில் கறுப்பாகக் கொஞ்சம் சேறு வந்தது. அப்புறம் தண்ணீர்.